கால்தான் என்ஜின்!

கேள்வி: ஈப்போ நகர நடுவே பெடல் கார் பந்தயம் நடத்தினால் எடுபடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஏன் எடுபடாது? 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் ஈப்போ சாலைகளுக்கும் வந்த பந்தயம்தானே! ஆஸ்திரேலியாவின் மரே பிரிட்ஜ் நகரில் 24 மணி நேரப் பெடல் பந்தயமே நடக்கிறது. மூன்று சக்கர வண்டிக்குள் சாய்ந்து படுத்தபடி மாணவர்கள் மிதிப்பார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் ஏறுவார். பல பள்ளிகள் வண்டியைத் தாங்களே கட்டுகின்றன. அதுதான் சிறப்பு.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வண்டி கட்டுவது புதிதா என்ன? பால்டின்னில் துளையிட்டு, கம்பி கோத்து, தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கி, லயத்து வாசலில் லாரி ஓட்டிய பரம்பரை ஆயிற்றே!

ஈப்போ ரயில் நிலையத்தில் கொடியசைத்து, பாடாங்கைச் சுற்றி, லிட்டில் இந்தியாவில் முடிக்கலாம். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு வண்டி. வெல்டிங் தெரிந்த அப்பாக்கள் கைகொடுக்கட்டும். தலைக்கவசம் கட்டாயம். மாநகர் மன்றம் ஒரு ஞாயிறு காலை சாலையை மூடித்தந்தால் போதும். பெட்ரோல் விலை எவ்வளவு ஏறினாலும் இந்தப் பந்தயம் நிற்காது: ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக் கொடுங்கள், வண்டி பறக்கும்!