மலைக்காற்று மேல் பழி

கே: ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு டர்போ காரில் மலையேறி, ஐடிலில் நின்றால், காற்று-எரிபொருள் விகித மீட்டர் 'காற்று அதிகம்' என்கிறது. ஜவ்வாது மலைக் காற்று அவ்வளவு தாராளமா?

ப: கஞ்சம்! காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் சுமார் 8 சதவீதம் குறைவு. மலைதான் காரணமென்றால் மீட்டர் 'பெட்ரோல் அதிகம்' என்றல்லவா புலம்ப வேண்டும்? அதன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை; புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் மோப்பம் பிடிக்கிறது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயிலோ அதன் இணைப்பு கேஸ்கெட்டிலோ ஒரு விரிசல் இருந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். "ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகத்தானே காட்டுகிறது?" என்பீர்கள். அதுதான் சாட்சியே! ஐடிலில் காற்றை உறிஞ்சும் ஓட்டை, அழுத்தம் ஏறியதும் புகையை வெளியே துப்பும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கும், பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிசகினால் மட்டும் மீட்டரின் எர்த் வயரைச் சந்தேகப்படலாம். அதுவரை டியூனிங்கில் பெட்ரோலைக் கூட்டிவிடாதீர்கள். முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.