முக்கால் விமானங்கள்

நங்கநல்லூரிலோ அண்ணா நகரிலோ, மூன்று படுக்கையறை உள்ள ஏதாவது ஒரு வீட்டில் இவரைப் பார்க்கலாம். மூன்றாவது அறையில் படுக்கை இருக்காது. தரையிலிருந்து மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு போர் விமானமோ டாங்கியோ கப்பலோ தீயும் புகையுமாகச் சீறிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவை சாதுவானவை: ஓர் இறக்கை, அரை உடம்பு, சக்கரம் இல்லாத கால், ப்ரைமர் அடித்த வால். திறந்து பார்க்கும் விருந்தாளி, "அடடா, உடைஞ்சுடுச்சா சார்?" என்று துக்கம் விசாரிப்பார். "இல்ல இல்ல, கட்டிக்கிட்டிருக்கேன்" என்பார் இவர். கட்ட ஆரம்பித்தபோது நரசிம்ம ராவ் பிரதமர்.

இவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வங்கி மேலாளராக இருந்த காலத்தில் பதினேழு பைசா இடிக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணி வரை கிளையை மூடவிடாதவர். சொத்து வரி, கேஸ் புக்கிங், பேரனுக்குத் தடுப்பூசித் தேதி எதிலும் ஒருநாள் பிசகமாட்டார். பிளாஸ்டிக் விமானம் என்று வந்தால் மட்டும் முக்கால் தூரம் போனதும் கை தானாக நின்றுவிடும். காரணம் அவருக்குத் தெரியும், வாயால் வராது. முடியாத விமானத்தில் குறையே கிடையாது. அதன் மேல் வரப்போகும் வண்ணம் மனசுக்குள் பிரமாதமாக இருக்கிறது. முடித்துவிட்டாலோ, இறக்கை மூட்டில் ஒரு கோடு தெரியும், வாலில் எண் அரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும், இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. வங்கியில் பழகியவர், பொறுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியும்.

கிட்டின் ஜாதகம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். கறிவேப்பிலைக் கொத்துபோல் பாகங்கள் தொங்கும் ஸ்ப்ரூ சட்டங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வந்தபடியே திரும்ப வைத்துவிடுவார். இந்தத் திருப்தி சில வருஷங்களுக்குத் தாங்கும். பிறகு ஒரு நல்ல நாளில் விமானி அறையில் கை வைப்பார். நெல்மணி உயரத்தில் ஓர் இருக்கை, அதற்கு பெல்ட், பெல்ட்டுக்கு பக்கிள், டயல்களில் ஊசிமுனையால் வைத்த வெள்ளைப் புள்ளிகள் என்று இரண்டு மாசம் ஓடும். அப்புறம் உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டினால், அந்த அறையில் முக்கால்வாசி ஜென்மத்துக்கும் மூடிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. "தெரியலைன்னா என்ன, உள்ள இருக்கு" என்பார். ஆத்திகர்.

ஒட்டுவதும் சாதாரணமாக நடக்காது. இந்த வேலைக்கான பசை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதில்லை. பாலிஸ்டைரீனையே கரைத்து, இரண்டையும் ஒரே துண்டாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. பிறகு பிரிப்பதென்றால் அறுக்கத்தான் வேண்டும். அதனால் ஒட்டுவதற்கு முன் யோசிப்பார். ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை யோசிப்பார். ஒட்டியானபின் பட்டி பார்த்து, உப்புத்தாளில் 400, 800, 1200 என்று ஏறிக்கொண்டே போவார். தேய்த்ததில் பட்டியோடு சேர்ந்து உடம்பில் இருந்த நுணுக்கக் கோடுகளும் போயிருக்கும். அவற்றை மறுபடி ஊசியால் கீற வேண்டும். கீறும்போது ஊசி வழுக்கும். அந்த இடத்துக்குத் திரும்பப் பட்டி.

இதற்கிடையில் சாமணத்தின் நுனியிலிருந்து ஒரு பாகம் டக்கென்று தெறித்து ஓடும். பறப்பதற்காகச் செய்யப்படாத அந்த விமானத்தில் உண்மையிலேயே பறப்பது அந்த ஒரு பாகம்தான். தரையில் கன்னத்தை வைத்து, டார்ச்சைப் படுக்கவைத்து அடித்து, கட்டிலுக்கடியில் தவழ்ந்து, வாக்குவம் கிளீனர் வாயில் மெல்லிய நைலான் துணி கட்டி அறையையே உறிஞ்சிப் பார்ப்பார். கிடைக்காது. மறுநாள் வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தோடு நின்று, "சார், இந்தக் கறுப்புத் துணுக்கு வேணுமா, தள்ளிடட்டுமா?" என்று கேட்பார். வீட்டில் இந்தக் கலையின் அருமை தெரிந்தவர் அந்த அம்மாதான் என்பது என் கருத்து. மற்றவர்கள் கேட்காமலே தள்ளிவிடுவார்கள்.

பெயிண்ட் கட்டத்துக்கு வந்தால் சென்னை தன் பங்குக்கு நிற்கும். லாக்கர் வகைப் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் அடிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே படிந்து, பளபளக்க வேண்டிய கறுப்பு பால் தெளித்ததாக வெளுத்துவிடும். நம் ஊரில் காற்று என்பதே பாதி ஈரம். ஆகவே மழை போகட்டும் என்று நிறுத்துவார், அப்புறம் கத்திரி போகட்டும் என்பார். நடுவில் சான் ஹோசேயிலிருந்து மகன் வந்து, பெட்டியிலிருந்து புதிதாக ஒரு ஜப்பான் கிட்டை எடுத்து நீட்டுவான். பெயிண்ட் வராது. தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விமானம் விமானத்தில் வந்துவிடும், அதற்குப் பூச வேண்டியது கப்பலுக்குக் காத்திருக்கும். இதைவிட நல்ல சாக்கு ஒருவருக்கு வேறென்ன வேண்டும்?

"என்னங்க, பழசை முடிச்சிட்டுப் புதுசை வாங்கக் கூடாதா?" என்று வீட்டம்மா கேட்கும் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கும் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஊறுகாய் ஜாடி வைக்க இடம் தேடும்போது மட்டும், "இந்தக் கப்பலை எங்க நிறுத்தறது?" என்பதோடு சரி.

இப்படி ஒருவர் இருந்தால் அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவார். ஊரில் பலர் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதும்தான் விசேஷம். நான் பார்த்த கோஷ்டி ஞாயிறு மத்தியானம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுகிறது. டாக்டரும் அதே ஜாதி. கிளினிக்கில் கம்ப்ரசர் உண்டு, நிழல் விழாத விளக்கு உண்டு, நுணுக்கமாகச் சுரண்ட எஃகுக் கருவிகள் வரிசையாக உண்டு. பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு கல்லூரிப் பையன் டாங்கிக்குச் சங்கிலி கோப்பான். நோயாளி யாராவது தெரியாமல் கதவைத் திறந்தால், உள்ளே ஐந்து பேர் உருப்பெருக்கி மாட்டிய கண்களோடு நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு வலி போய்த் திரும்பிவிடுவார்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்: புதுப் பெட்டி திறக்கக் கூடாது, கைவிட்டதைத்தான் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் உள்ள கிளப்புகளில் இந்த வழக்கம் உண்டென்று பையன்தான் சொன்னான். கால்வாசியாவது கட்டி நிறுத்தியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தான். அவ்வளவுதான், முதல் கூட்டம் முழுக்கக் கால்வாசி என்றால் என்ன என்பதிலேயே போய்விட்டது. பாக எண்ணிக்கையில் கால்வாசியா, நேரத்திலா, செலவிலா? ஸ்ப்ரூவிலிருந்து வெட்டியதும் ஆரம்பித்ததாகக் கணக்கா, ஒட்டினால்தானா? மேலாளர் எழுந்து, "பகுதி ஒன்று, உட்பிரிவு ஆ" என்று திருத்தம் கொடுத்தார். அன்று ஒரு துளி பசை செலவாகவில்லை.

இந்தச் சபையில் தவறாமல் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் நிறப் பண்டிதர். 1940களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்து, "இது பச்சை, ஆனா நீங்க வாங்கின பச்சை இல்ல" என்பார். இன்னொருவர் ஆணி எண்ணுபவர். நிஜ விமானத்தில் எத்தனை ரிவெட் எங்கெங்கே இருந்தது என்பது அவருக்கு மனப்பாடம். ஊரில் முடியாமல் கிடக்கும் விமானங்களில் பாதிக்கு இவர் ஒருவரே ஜவாப்தாரி என்று நான் தயங்காமல் சொல்வேன். அவர் எதையும் கட்டியதில்லை. கட்டினால் தப்பு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவரை அடக்கப் பையன் சரித்திரத்தை எடுப்பான். 1/35 என்ற அளவு எப்படி வந்தது தெரியுமா என்று கேட்பான். 1960களின் தொடக்கத்தில் ஷிசுவோகாவின் தாமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வடிவமைத்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இன்று உலகம் முழுக்க டாங்கிக்காரர்கள் வெர்னியர் காலிப்பரோடு வழிபடும் அளவு, பேட்டரி போட்ட பிச்சை. அதே நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தாமியா, மாடல் துல்லியமாக வர வேண்டுமென்று நிஜமான போர்ஷே 911 காரையே வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றச் செய்தார். திரும்பப் பூட்டத் தெரியாமல் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையைக் கேட்டதும் நம் மேலாளர் முகத்தில் வந்த தெளிவை எந்த டாக்டராலும் கொடுத்திருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணமான ஏர்ஃபிக்ஸ் கதை இன்னும் தமாஷ். நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939இல் லண்டனில் காற்றடைத்த ரப்பர் பொம்மை விற்கத் தொடங்கிய கம்பெனி. 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற குட்டிக் கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. பள்ளிக்கூடப் பையன்கள் கைச்செலவுக் காசில் வாங்கி, ஒரு சாயங்காலத்தில் ஒட்டி, ராத்திரி தூங்கப்போவதற்குள் முடிக்க வேண்டிய சரக்கு. அதைத்தான் ஓய்வூதியக்காரர்கள் முப்பது வருஷமாக முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலாளர் கொண்டுவந்ததும் ஓர் ஏர்ஃபிக்ஸ்தான்: 1/72 அளவில் நாட் விமானம். உள்ளங்கையில் அடங்கும். 1971 போரின்போது ரேடியோவில் நாட் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். ஸ்ரீநகர் வானத்தில் தனி ஆளாக நாட் ஓட்டிச் சண்டையிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன்தான் இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஆள். லண்டன் உறவினர் ஒருவர் கிட்டை வாங்கி வந்தபோது மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. பிரித்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் இருப்பது பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு பறந்த பயிற்சி நாட். இருக்கை இரண்டு. நம் படை ஓட்டிய நாட்டுக்கு இருக்கை ஒன்று, உடம்பும் குட்டை. வேறொருவராக இருந்தால் சிவப்பு அடித்து அலமாரியில் வைத்திருப்பார். இவர் ரம்பத்தை எடுத்தார். கழுத்தில் ஒரு வெட்டு, உடம்பைக் குறைக்க இன்னொரு வெட்டு. அங்கே நின்றது, ராவ் போய், கௌடா போய், குஜ்ரால் போய், இன்றுவரை.

கிளினிக்கில் அதை மூன்று துண்டாகப் பஞ்சில் வைத்து நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை, அவரவர் பையிலும் அதுதான். பல் டாக்டர் வாங்கி, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, "ரூட் கேனாலைவிட ஈஸி சார்" என்றார். பல்லுக்கு வைக்கும் கம்பி ஒன்றை உள்ளே கொடுத்துத் துண்டுகளை நேர்ப்படுத்தினார். வட்டச் சின்னங்கள் உள்ள டெக்கால் தாள் பழுத்து, மூவர்ணத்தின் வெள்ளை வளையம் மஞ்சளாகியிருந்தது. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் வாங்கிவிடும் என்று நிறப் பண்டிதர் முதல்முறையாக உபயோகமான ஒரு வார்த்தை சொன்னார். மேலாளர் வீட்டு மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்த குடைக்குப் பக்கத்தில் வெயிலில் டெக்காலும் காய்ந்தது. வீட்டம்மா அதை ஸ்டிக்கர் என்றார். மேலாளர் பொறுத்துக்கொண்டார்.

இவர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்து முடித்துக்கொள்கிறார்கள் என்று யாராவது நினைத்தால், அவர் அங்கே ஒரு மத்தியானம் இருந்து பார்க்க வேண்டும். உதவி என்பது சொற்பம். மேலாளர் விமானி அறையில் இன்னும் ஒரு டயல் வைக்கலாமா என்று யோசித்த கணத்தில் பையன் தொண்டையைக் கனைப்பான். காய்ந்த மூட்டை மறுபடி தேய்க்க உப்புத்தாளைத் தேடினால், டாக்டர் அதை ஏற்கனவே ட்ராயரில் போட்டுப் பூட்டியிருப்பார். தன் விமானத்தைக் கெடுத்துக்கொள்வதில் சூரர்களான இந்த மனிதர்கள், அடுத்தவர் விமானத்தைக் காப்பதில் கில்லாடிகள்.

கடைசி ஞாயிறு. வெள்ளி நிறம் அடித்தாயிற்று, சின்னங்கள் தண்ணீரில் நழுவி இடத்தில் உட்கார்ந்தாயிற்று, கண்ணாடி மூடியும் ஏறியாயிற்று. பாக்கி வார்னிஷ் ஒன்றுதான். ஆணி எண்ணுபவர் காலிப்பரை மூக்கிலிருந்து வால் வரை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒரு மில்லிமீட்டர் நீளம்."

"ஒண்ணுதானே சார்?" என்றான் பையன்.

"இதுல ஒண்ணு. நிஜத்துல எழுபத்திரண்டு!"

மேலாளரின் வலது கை தன் போக்கில் ரம்பத்தை நோக்கி நகர்ந்தது. பையன் ரம்பத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். டாக்டர் விமானத்தைத் தூக்கி, பல் கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தார். நிறப் பண்டிதர் ஆணி எண்ணுபவரின் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிப்போய், எதிர்க்கடையில் எல்லாருக்கும் மெதுவடை வாங்கி வரும்படி கையில் பணத்தைத் திணித்தார்.

எட்டு வடையும் ஒரே விட்டத்தில் இல்லை என்று கடைக்காரரோடு வாதாடிவிட்டு அவர் திரும்ப முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் வார்னிஷ் அடித்துக் காய்ந்திருந்தது.