மார்கழிக் கரண்ட் கட்டும் வெந்நீர்த் தவலையும்

மருங்காபுரியில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. அந்த வேலையைச் சித்திரையும் வைகாசியும் காசு வாங்காமல் செய்துவிட்டு, மிச்சச் சூட்டைக் காங்கிரீட் தளத்துக்குள் போட்டு வைத்துவிட்டுப் போகின்றன. திருச்சி மாவட்டத்தில், மணப்பாறைக்குத் தெற்கே, துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் கிடக்கும் மானாவாரி பூமி இது. ஒரு காலத்தில் ஜமீன். இப்போது வட்டத் தலைநகர். இந்த ஊர் தமிழ்நாட்டையே சூடேற்றிய தருணம் என்று பார்த்தால் 1989 மார்ச் தேர்தலைத்தான் சொல்ல வேண்டும். பிரிந்து கிடந்த அ.தி.மு.க. ஒன்றுசேர்ந்து இரட்டை இலையில் நின்று ஜெயித்த இரண்டு தொகுதிகளில் ஒன்று மருங்காபுரி, மற்றொன்று மதுரை கிழக்கு. தொகுதி சீரமைப்பில் அந்தத் தொகுதியும் பிறகு காணாமல் போயிற்று.

இருந்தாலும் இங்கே குளிர்காலம் உண்டு. கார்த்திகை தீபத்துக்குத் தொடங்கி, தைப்பொங்கல் பானை இறங்குகிற வரை அது நீடிக்கும். திருச்சி வட்டாரத்தில் மார்கழி இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சில விடியற்காலைகளில் அதற்குக் கீழேயும் எட்டிப் பார்க்கும். அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் இருக்கும் எல்லாத் தலையும் மப்ளருக்குள் போய்விடும். குரங்குக் குல்லா வாங்கியவர் அதைப் போட்டுக்கொள்ள ஒரு வருஷமாகக் காத்திருந்திருக்கிறார், விடமாட்டார். கனடாவில் டொரண்டோ வீடுகளில் ஹீட்டரைத் திருகி வைப்பது 20, 21 டிகிரிக்குத்தான். அங்கே மாதாமாதம் பில் கட்டி வாங்குகிற வெதுவெதுப்புக்கு இங்கே பெயர் குளிர்.

ஆகவே மருங்காபுரியில் குளிர்காலத்துக்குச் சூடு தயார் செய்வது என்றால் அறையைச் சூடாக்குவது அல்ல, குளிக்கிற தண்ணீரைச் சூடாக்குவது. பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்கும் வெந்நீர் இல்லாமல் மார்கழி நகராது. மாலை போட்ட ஐயப்ப சாமிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. விடிகாலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அவர்கள் போடுகிற சரண கோஷத்தில் பக்தி பாதி, குளிர் பாதி. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், காவிரியில் முங்கிவிட்டுப் பரமபத வாசல் வரிசையில் நிற்கிறவர்களும் அதே வகை.

மின்தடை பல ரகம். பேப்பரில் ஊர்ப் பட்டியலோடு முன்கூட்டியே வருகிற மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுனால் குளிருக்கு ஆபத்தில்லை. அது காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். அதற்குள் குளிக்க வேண்டியவர் குளித்திருப்பார், குளிக்காதவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். சொல்லாமல் போகிற கரண்ட் வேறு. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரமும் வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தபோது, ‘எப்போ போகும்’ என்ற கேள்வி செத்து, ‘எப்போ வரும்’ என்பதே ஊர்ப் பேச்சாயிற்று. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது அந்த வருஷங்களில்தான்.

உண்மையான குளிர்கால மின்தடை என்றால் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை, கார்த்திகை பிறக்கும் தறுவாயில், வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல் புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திண்டுக்கல் பக்கம் போயிற்று. மொத்தமாக ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். விழுந்த மரமெல்லாம் விறகுதான். ஆனால் பச்சை மரம். அது காய்ந்து அடுப்புக்கு வருவதற்குள் பனியே போய்விட்டது.

இன்வெர்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குடும்பங்களில் சண்டை மூள்வது இங்கேதான். சாதாரண வீட்டில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-ஹவர், அதாவது காகிதத்தில் 1.8 யூனிட். ஒரு பக்கெட், இருபது லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுபோக அரை யூனிட் தாராளம். கணக்குப் பார்த்தால் மூன்று பக்கெட் சுட வேண்டும். ஆனால் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு 1,500 வாட் இழுக்கும். 900 விஏ இன்வெர்ட்டர் முக்கி முனகித் தருவது சுமார் 700 வாட். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு சின்னதாக இருந்தால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும்.

இந்தக் கணக்கு தெரியாத பேரன்தான் எல்லா வீட்டிலும் மின்பொறியியல் நிபுணன். விடிகாலை ஐந்தரை மணி, கரண்ட் இல்லை. பின்கட்டில் முள்விறகை முறித்துக்கொண்டிருக்கும் அப்பத்தாவைப் பார்த்து, “இன்வெர்ட்டர் இருக்கையில எதுக்கு அப்பத்தா புகையில கெடக்குற?” என்று கேட்டுவிட்டு, ஹால் பிளக்கில் ராடைச் சொருகுகிறான். இன்வெர்ட்டர் ஒரு கணம் யோசிக்கிறது. பிறகு நீளமாக ‘பீப்’ என்று கத்துகிறது. ஹால் விளக்கும் தாத்தாவின் ஃபேனும் சேர்ந்து அணைகின்றன. அப்பத்தா பின்கட்டிலிருந்தே கேட்கிறாள்: “என்னடா, அதுக்குள்ள கொதிச்சிருச்சுங்குதா?” (மார்கழிக் குளிரில் தாத்தாவுக்கு ஃபேன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கொசுவுக்கு. போர்வை குளிருக்கு, ஃபேன் கொசுவுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.)

ராடு விஷயத்தில் இன்னொன்று. தண்ணீர் சுட்டுவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமல் விரலை விட்டுப் பார்ப்பது பரவலான பழக்கம். அந்தப் பழக்கத்தில் தண்ணீரின் சூடு தெரிவதற்கு முன்னால் வேறு பலதும் தெரிந்துவிடும்.

கரண்டைக் கேட்காத ஏற்பாடு வெந்நீர் அடுப்பு. கிணற்றடியிலோ பின்கட்டிலோ மூன்று கல், அல்லது மண்ணால் பூசிய அடுப்பு. மேலே, வெளிப்பக்கம் கரியேறி எந்த உலோகம் என்றே தெரியாமல் போன ஒரு தவலை. அதை யாரும் துலக்குவதில்லை. துலக்கினால் சீக்கிரம் சுடாது என்று காரணம் சொல்வார்கள். கறுத்த பாத்திரம் சூட்டை நன்றாக வாங்கும் என்பதால் அந்தச் சோம்பலுக்குப் பௌதிகத்தின் ஆதரவும் ஓரளவு உண்டு. எரிபொருள் சீமைக்கருவேல். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று இன்று எல்லா மேடையிலும் திட்டு வாங்குகிற மரம். திட்டுகிறவர் வீட்டு வெந்நீரும் பெரும்பாலும் அதில்தான் சுடுகிறது. நின்று எரியும், கங்கு அவ்வளவு லேசில் அடங்காது. திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடுவதால், ஒரு பக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காய்ந்த விறகு பிடிக்கும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு மார்கழி முப்பது நாளும் ஓட 180 கிலோ. அந்தக் கணக்கில் எல்லோரும் தினமும் குளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

விறகைச் சேர்க்க வேண்டிய காலம் புரட்டாசி. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஈர விறகு எரியாது, அழும். கூடவே ஊதுகிறவரையும் அழவைக்கும். மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில், தரை ஓதம் ஏறாமல் அடியில் இரண்டு கல் வைத்து அடுக்குவதே முறை. அடுக்கும்போது பூரானும் தேளும் தங்கள் பங்குக்குக் குடியேறும் என்பதால், எடுக்கும்போது தட்டி எடுப்பார்கள். பற்றவைக்கக் கொட்டாங்குச்சி, தென்னம்பாளை, இரண்டு வரட்டி. இதெல்லாம் இருந்தும் பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போட்டு அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. அந்த வீட்டு வெந்நீரில் குளிப்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும் போலிருக்கும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இதே வேலையைச் செம்பு பாய்லர் மரியாதையாகச் செய்தது. நடுவில் ஒரு குழாய், அதில் அடுப்புக்கரி, சுற்றிலும் தண்ணீர், அடியில் பித்தளைக் குழாய். சூடு வெளியே ஓட வழியில்லை. அது இப்போது பெரும்பாலும் வரவேற்பறையில் பூ ஜாடியாக இருக்கிறது.

கேஸ் அடுப்பில் ஒரு பக்கெட் தண்ணீர் சுட எழுபது கிராம் வாயு போதும், 14.2 கிலோ சிலிண்டருக்கு இருநூறு பக்கெட். ஆனால் குளிக்கச் சிலிண்டரை எரிப்பது நெய்யை ஊற்றிக் கை கழுவுவதற்குச் சமம் என்று மாமியார்கள் கருதுவதால், இந்த வழி இரவோடு இரவாக மட்டுமே நடக்கிறது. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தவர்களுக்கு வெயில் அடிக்கும் நாளெல்லாம் கொதிநீர் வரும், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வராது.

அறைக்குள் கங்குச் சட்டி வைத்துக்கொண்டு படுப்பது வேடிக்கைக்குரிய விஷயம் அல்ல. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்கு அடுப்புக்கரியை மூட்டி, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் கார்பன் மோனாக்சைடால் எழுந்திருக்காமலே போன செய்தி அவ்வப்போது வருகிறது. அந்த வாயுவுக்கு மணமில்லை, இருமல் வராது. மருங்காபுரியின் ஓட்டு வீடுகளில் காற்று அனுமதி கேட்காமல் உள்ளே வரும் என்பதால் அந்தக் காலத்தில் தப்பினார்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்த புதுக் காங்கிரீட் வீட்டில் அந்தச் சலுகை இல்லை. கங்கு திண்ணையோடு நிற்க வேண்டும்.

அறையையே சூடாக்கியாக வேண்டிய ஊர்களில் தயாரிப்பு தலைகீழ். 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரண்டோவில் பனிமழை உறைந்து, மரக்கிளைகள் மின்கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன; சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, சிலருக்குக் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. அங்கே தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ பகுதியும் இருட்டில்தான் இருந்தது. வீட்டைச் சூடாக்குவது எரிவாயுதான் என்று தெம்பாக இருந்தவர்களுக்கும் பலனில்லை: வாயு வந்தது, சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டிய சிலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அங்கே சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று, குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட வேண்டும் என்பது. வெளிநாட்டுப் பிள்ளை இதைப் போனில் சொன்னால் மருங்காபுரித் தாய் நம்புவது கடினம். குழாயைச் சரியாக மூடாததற்காகத்தான் அந்தப் பிள்ளை பள்ளிப் பருவம் முழுக்க அடி வாங்கியது.

பொங்கல் கழிந்ததும் ஏற்பாடுகள் பிரிக்கப்படுகின்றன. மப்ளரும் கம்பளியும் இரும்புப் பெட்டிக்குள் பாச்சா உருண்டையோடு போகும். தவலை கவிழ்க்கப்படும், அதற்குள் ஒரு கோழி அடைகாக்க இடம் பார்க்கும். மிஞ்சிய விறகு வெளியேறி, அந்த மூலைக்கு வைக்கோல் வரும். பேரன் மட்டும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முனைகளைத் துடைத்து வைப்பான். பங்குனியில் ஃபேன் ஓட வேண்டும்.