போல்ட்டும் முழங்காலும்

இருபத்தைந்து வயதில் மனிதன் எதையும் நம்புவான். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டே கல்லூரிக்குப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் நம்பியது ஒரு போல்ட்டை. தாய்லாந்தின் கிராபி கடற்கரையில், ரெய்லேயின் சுண்ணாம்புப் பாறையில், ஏறுகிறவர்கள் கயிறு மாட்டுவதற்காக யாரோ எப்போதோ இறக்கியிருந்த அந்த போல்ட்டிலிருந்து துரு வழிந்து, கல்லில் பழுப்பாகக் கோடிட்டிருந்தது. அதில் கயிற்றை மாட்டிவிட்டு, அன்று காலைதான் அறிமுகமான ஒரு ஆஸ்திரேலியரிடம் "பிடிச்சுக்கோ!" என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்தினேன். மனிதர் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில், சிங்கப்பூரில் வேலை பார்த்த காலம் அது. ஹாட் யாய் வரை இரவு பஸ், அங்கிருந்து மினி வேன், கடைசியில் லாங்டெயில் படகு. ரெய்லேக்கு இன்றைக்கும் சாலை கிடையாது. நிலத்தோடு ஒட்டியிருக்கிற ஊர்தான், ஆனால் ஒட்டியிருக்கிற பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை. கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கியிருந்தால் படகு தொலைவிலேயே நின்றுவிடும். செருப்பைக் கையிலும் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, சதுப்பு மரங்களைக் குறிவைத்துச் சேற்றில் நடப்போம், விழுந்தவரைத் தூக்கிவிடுவோம், தூக்கிவிட்டவரோடு சேர்ந்து விழுவோம். இப்போது டிராக்டர் தண்ணீருக்குள்ளேயே வந்து, சக்கரம் வைத்த பெட்டிகளோடு ஆட்களை ஏற்றிப்போகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சேற்றில் கிடைத்த சிநேகிதம் டிராக்டரில் கிடைப்பதாகத் தெரியவில்லை.

அந்தச் சிநேகிதம் அன்று வெறும் சிநேகிதமில்லை, பிழைப்புக்கான வழி. தனியாகப் போனவனுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. சாயங்காலம் பக்கத்துக் கடற்கரையான டோன்சாயில் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து, அவர் வைத்திருந்த நோட்டிலிருந்து ஏறும் வழிகளைப் பென்சிலால் படம் வரைந்து எடுத்துக்கொண்டு, வரைந்து முடிப்பதற்குள் மறுநாளைக்கு ஆளையும் பிடித்துவிடுவோம். இருட்டினால் ஜெனரேட்டர் ஓடும். நடுநிசிக்கு முன்பே நிற்கும். விசிறி நின்ற அந்த நொடியில் பல்லிச் சத்தமும் அலைச் சத்தமும் அறைக்குள் வரும். கொசுவும் வந்தது என்பதை மட்டும் நினைவு சௌகரியமாக விட்டுவிடுகிறது.

பாறையைச் சொல்ல வேண்டும். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து, தூண்களாகவும் விழுதுகளாகவும் தொங்கவிட்டிருக்கும். அவற்றைத் தென்னைமரமேறி மாதிரி முழங்கால்களால் இறுக்கிக்கொண்டு, ஒரு கையை விட்டு, இடுப்புப் பையில் மெக்னீசியம் கார்பனேட் மாவு தொட்டு, அது வியர்வையில் குழம்பாவதற்குள் அடுத்த பொத்தலில் விரல்களைச் செருகினால், உள்ளே கல் சொரசொரவென்று கையைக் கவ்வும். இன்று அதே வழிகளில் உலகமே ஏறி இறங்கியதில், பேர்போன பிடிகள் எல்லாம் வழவழப்பாகிவிட்டன.

போல்ட்டுகளோ நேரெதிர், அன்றைவிட இன்று மேல். கடலோரத்துக்கென்றே செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட உப்புக்காற்றும் பாறையில் ஊறிவரும் நீரும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே விரிசல் விடச் செய்துவிடும். வெளியே பளபளத்துக்கொண்டிருந்தவை ஆள் பாரத்துக்கே முறிந்ததும் உண்டு. பழுப்புக் கோடு போட்டதாவது நியாயமாக எச்சரித்தது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் தைட்டானியம் புராஜெக்ட் போன்ற முயற்சிகளில் தன்னார்வலர்கள் பாறையைத் துளைத்து டைட்டானியம் போல்ட்டுகளைப் பசைவைத்து இறக்கினார்கள். துருப்பிடிக்காத அந்த உலோகத்தை நம்பித்தான் இன்று அங்கே ஏறுகிறார்கள். ஆக, கணக்கு நேராகிவிட்டது: அன்று போல்ட் துரு, முழங்கால் இரும்பு, இன்று போல்ட் டைட்டானியம், முழங்கால் துரு.

இப்போது ஒன்-டூ-த்ரீ என்கிற பாறையின் அடியில் அரைநாள் பயிற்சிக்கு வரிசை நிற்கிறது. வாடகைக்குக் காலணி, வாடகைக்கு ஹெல்மெட், கயிறு பிடிக்க உள்ளூர் வழிகாட்டி. அவருடைய கை என் பழைய ஆஸ்திரேலியரின் கையைவிட நிச்சயம் தேர்ந்தது. பயந்த பிள்ளைகள்கூடப் பத்திரமாக மேலே போய், கீழே வந்து, சிரிக்கிறார்கள். அந்த வயதில் எனக்கு இது கிடைத்திருந்தால் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?

சோடியாக வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மேலே ஒருவர் விழுதைக் கட்டிக்கொண்டு தவிக்கிறார். கீழே இருப்பவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறு கையால் அதைப் படமெடுக்கிறார். போகிற உங்களுக்கு ஒரே விண்ணப்பம்: ஏறுவதற்கு முன்னால், உங்கள் கயிற்றைப் பிடிக்கப்போகிறவரிடமிருந்து கைபேசியை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டைட்டானியம் அதற்குப் பொறுப்பேற்காது.