தாழ்மைக்கு ஒரு கோப்பை

பெறுநர்: கிறிஸ்தவப் புனைகதை விருது விழாக்களை நடத்தும் அமைப்பினர், அமெரிக்கா.

பொருள்: விருந்தில் இருக்கை ஒதுக்குதல் – தொடர்பாக.

பார்வை: லூக்கா 14ஆம் அதிகாரம், 7 முதல் 11 வரையுள்ள வசனங்கள்.

விருந்துக்கு அழைக்கப்பட்டவர் முதன்மையான இடத்தைத் தேடாமல் கடைசி இடத்தில் உட்கார வேண்டும், அழைத்தவரே சொன்னால் மேலே போகலாம் என்பது பார்வையில் கண்ட போதனை. விருது விழா இந்த விதியை மீறுவதில்லை, சற்றே செம்மைப்படுத்தியிருக்கிறது. இறுதிப் பட்டியலில் உள்ளவர் அடக்கமாக அமர்ந்திருப்பார். பெயர் அழைக்கப்பட்டதும் திடுக்கிட்டு எழுந்து மேலே போவார். திடுக்கிட்டபின் வாசிக்க வேண்டிய ஏற்புரை கைப்பையில் மடித்துத் தயாராக இருக்கும்.

இத்துறையின் முக்கிய விருதுகள் இரண்டு. 1999இல் நிறுவப்பட்ட கிறிஸ்டி விருது, கேத்தரின் மார்ஷலின் 1967ஆம் ஆண்டு நாவலின் பெயரைத் தாங்கியது. அந்நாவலின் நாயகி 1912இல் அப்பலாச்சிய மலையின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகும் 19 வயதுப் பெண். மற்றொன்று கேரல் விருது. ஜேனட் ஓக்கின் முதல் நாவலை 1979இல் வெளிக்கொண்டுவந்த பதிப்பாசிரியர் கேரல் ஜான்சனின் பெயர் அதற்கு. பிறர் பெயரில் வரும் நூலைத் திருத்துவதே பதிப்பாசிரியரின் வேலை. ஆக, இரண்டு கோப்பைகளுமே கடைசி மேசைக்காரர்களின் பெயரால் முதல் மேசைக்காரர்களுக்கு வழங்கப்படுகின்றன.

கேரல் விருதை வழங்கும் எழுத்தாளர் சங்கம் 2000இல் தொடங்கியபோது அதன் பெயரில் 'காதல்' இருந்தது. சில ஆண்டுகளில் பெயரிலிருந்து காதல் நீங்கியது, நூல்களிலிருந்து நீங்கவில்லை. அங்கே காதலர்கள் பல அத்தியாயங்கள் ஜெபித்துக் காத்திருந்து கடைசியில் முத்தமிடுவார்கள். மர்ம நாவலில் கொலைகாரன் மூன்று பேரைத் தீர்த்துக்கட்டலாம். கெட்ட வார்த்தை மட்டும் பேசக் கூடாது. பெவர்லி லூயிஸின் 1997ஆம் ஆண்டு நாவலுக்குப் பின் ஆமிஷ் கிறிஸ்தவச் சமூகத்தைப் பற்றிய கதைகள் பெருகின. புகைப்படத்துக்கு முகம் காட்டத் தயங்கும் அந்தச் சமூகத்தின் கதைக்கு, தலைமுக்காடிட்ட மாடல் பெண்ணின் முகமே பெரும்பாலும் அட்டைப்படம்.

ஏற்புரைக்கும் ஒழுங்கு உண்டு. மகிமை முழுவதும் தேவனுக்குச் செலுத்தப்படும். பிறகு முகவர், பதிப்பாசிரியர், கணவர் அல்லது மனைவி ஆகியோருக்கு நன்றி. மகிமையைச் செலுத்திய பிறகும் கோப்பை கையிலேயே இருக்கும்.

கிறிஸ்தவப் புனைகதை மரபின் மூத்தவர் ஜான் பன்யன், ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தார். ஒரு யாத்திரிகனின் பயணத்தைச் சொல்லும் அவருடைய உருவகக் கதையின் முதல் பாகம் 1678இல் வெளிவந்தது. அதைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பாடினார். இருவருக்கும் விருந்துச் சீட்டு வாங்கவோ கோட்டு தைக்கவோ நேரவில்லை.

விருதால் பயனில்லை என்பதல்ல. ஃபேமிலி கிறிஸ்டியன் புத்தகக் கடைகள் 2017இலும் லைஃப்வே கடைகள் 2019இலும் மூடப்பட்டன. நூலைக் கையில் எடுத்துக்கொடுத்துப் பரிந்துரைக்கக் கடைக்காரர் இல்லாத இடத்தில், அட்டையில் ஒட்டிய விருது முத்திரைதான் வாசகருக்கு வழிகாட்டி. அது வியாபாரம், நேர்மையான வியாபாரம்.

எனவே அமைப்பினர் பரிசீலிக்க வேண்டியவை மூன்று. இறுதிப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் சமையலறைக் கதவை ஒட்டிய மேசையை ஒதுக்கலாம். மேடைக்கு எதிரேயுள்ள மேசையில் பிழைதிருத்துநர்களையும் நூலகர்களையும் உட்காரவைக்கலாம். அழைப்பிதழில் 'தாழ்மையுடன்' என்ற சொல்லை நீக்கி, 'விற்பனை நிமித்தம்' என்று அச்சிடலாம். நல்ல நாவலுக்குப் பரிசு தருவது பாவமல்ல. அதற்குத் தாழ்மை என்று பெயரிடுவதுதான் அன்றிரவின் ஒரே புனைவு.