பாடகர் போனபின் வரும் முதல் ஆல்பம்: கேட்கும் முறை

உங்கள் அபிமான ராக் குழு தன் பாடகரை இழந்துவிட்டது. புது ஆல்பம் வரப்போகிறது. பதறாதீர்கள், ஏற்கெனவே செய்வதையே ஒழுங்காகச் செய்தால் போதும். பயிற்சிக்கு ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்'.

1. கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுங்கள். கேட்டால் மனசு மாறும் அபாயம் உண்டு.

2. காலண்டரைப் பாருங்கள். குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தது 1980 பிப்ரவரி 19. ஆல்பம் வந்தது ஜூலை 25. "அஞ்சே மாசமா?" என்று கொதியுங்கள். ஆலிஸ் இன் செயின்ஸ் குழு, தன் பாடகர் லேய்ன் ஸ்டேலி இறந்து ஏழு ஆண்டு பொறுத்து 2009இல் ஆல்பம் போட்டது. அவர்களிடம், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்று கேளுங்கள்.

3. பானின் பெற்றோரே குழுவைத் தொடரச் சொன்னார்களாம். பெற்றவர்களைவிட உங்களுக்கே துக்கம் அதிகம் என்று காட்டுங்கள்.

4. புதுப் பாடகரை எடுத்தால் துரோகம். எடுக்காவிட்டால் திமிர். டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் இறந்த 1971இலேயே, அதன் கீபோர்டுக்காரரும் கிடாரிஸ்ட்டும் தாங்களே பாடி 'அதர் வாய்சஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். "வாசிக்கிறவங்களுக்குப் பாட்டு எதுக்கு?"

5. ஏசி/டிசியின் புதுப் பாடகர் பிரையன் ஜான்சன் பான் மாதிரி பாடினால் நகல். வேறு மாதிரி பாடினால் "செட் ஆகலை". இரண்டையும் ஒரே பாட்டுக்குச் சொல்லப் பழகுங்கள்.

6. குழுவினரின் துக்கத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு மணியோசையில் தொடங்குகிறது. லஃப்பரோ மணிக்கூண்டில் அதைப் பதியப் போனபோது, ஒவ்வோர் அடிக்கும் பறவைகள் சிறகடித்த சத்தமும் மைக்கில் விழுந்தது. பிறகு வார்ப்புப் பட்டறையிலேயே ஒரு மணியை அடித்துப் பதிந்தார்கள். "எல்லாம் வியாபாரம்" என்று முடியுங்கள்.

7. நல்ல வரி வந்தால், பான் எழுதி வைத்துப் போனது. சுமாரான வரி ஜான்சனுடையது. பாடலாசிரியர் பெயர் போட்டிருக்கும் பக்கம் அட்டையைத் திருப்பாதீர்கள்.

8. பானே 1974இல் முந்தைய பாடகர் டேவ் எவன்ஸ் இடத்துக்கு வந்தவர்தான் என்று யாராவது கிளப்பினால், "அது வேற" என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

9. அமெரிக்காவில் மட்டும் சான்றளிக்கப்பட்ட விற்பனை 2.5 கோடியை எட்டியது. "ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்று உச்சுக்கொட்டுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பிரதி கணக்கில் சேராது.

10. இப்படியே 36 வருஷம் ஓட்டுங்கள். 2016இல் காது கேட்பது குறைந்து ஜான்சன் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக ஆக்ஸல் ரோஸ் மைக்கைப் பிடித்தார். உடனே டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்: "பிரையன் இல்லாம அது ஏசி/டிசியா?"