கமிட்டி தள்ளின தரிசனம்

ஏலே மக்கா, உன் தரிசனத்தைச் சேகர கமிட்டி தள்ளிட்டாம்லா? ஊரெல்லாம் அதே பேச்சு. அன்னையிலருந்து நீ கோயில் பக்கமே தலை காட்டலையாம். ‘இந்தச் சபையில ஆவியானவருக்கே இடமில்ல’ன்னு டீக்கடையில நின்னு அறிக்கை வேற விட்டிருக்க. ஆவியானவருக்கு இடமில்லையா, உனக்கு மைக்கு கிடைக்கலையா? ரெண்டையும் மொதல்ல தனித்தனியா எடுத்து வையி.

நீ கேட்டது நல்ல காரியந்தான், இல்லேங்கல. கோயில் ஹாலு வாரத்துல ஆறு நாளு பூட்டியே கிடக்கு. செங்கல் சூளைக்கு வந்தவங்க பிள்ளைகளைச் சாயங்காலம் அங்க உக்காரவச்சுப் படிப்பு சொல்லிக் குடுக்கணும்னு கேட்ட. தரை டைல்ஸு அழுக்காயிரும்னுட்டாங்க. அதோட கோபுர வேலைக்கே ரூவா பத்தலையாம். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. நம்ம ஆளுகளுக்கு 193 அடி வந்தாத்தான் ராத்திரி தூக்கம் வரும். அவங்களுக்கும் ஒரு தரிசனம் இருக்குல்லா? உன் தரிசனம் கீழ பாக்குது, அவங்களோடது மேல பாக்குது. அம்புட்டுதான்.

இதுக்காகத் தனி ஊழியம் தொடங்கப் போறியாமே. பேரும் வச்சாச்சாம், ‘இன்டர்நேஷனல்’னு முடியுதாம். அரிசி மில்லுக்குப் பின்னால ஷெட்டு, ஸ்தாபகர் நீ, பொருளாளர் உன் பொண்டாட்டி, கமிட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சொகந்தான்! ஆனா மூணு வருஷம் கழிச்சு மீசை முளைக்காத பய ஒருத்தன் உன் ஷெட்டுக்கு வந்து, ‘பாஸ்டர், கர்த்தர் எனக்கு ஒரு தரிசனம் குடுத்திருக்காரு’ன்னு நிப்பாம்லா? அப்போ நீ உன் புது நாற்காலியத்தான் பாப்ப, அழுக்காயிருமேன்னு. அன்னைக்கு விளங்கும் கோட்டிக்காரப் பயலே, கமிட்டிங்கிறது எங்க உக்காந்திருக்குன்னு.

வெளியாளு தள்ளியிருந்தா நீ தாங்கியிருப்ப. விசுவாசியே தள்ளிட்டானேன்னுதான் உனக்கு ஆத்தாமை. சீகன்பால்கு ஐயரு 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கினாரு. அனுப்பி வச்சது டென்மார்க் ராஜா. 1708-ல அவரைப் பிடிச்சு டான்ஸ்போர்க் கோட்டைக்குள்ள நாலு மாசம் அடைச்சுப்போட்டது யாருன்னு நெனைக்க? அதே ராஜாவோட கவர்னரு. அவரும் ஞானஸ்நானம் வாங்கின ஆளுதான். வெளிய வந்த ஐயரு பெட்டியைக் கட்டல. அவரு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல தமிழ்ல அச்சாகி வந்துச்சு. உனக்கு ஹாலு சாவிதான் கிடைக்கல. உன்னை உள்ள வச்சு யாரும் பூட்டலையே?

நம்ம ஜில்லாவுலேயே பாரேன். ரேனியஸ் ஐயரு 1820-ல பாளையங்கோட்டைக்கு வந்தவரு. ஊரூராச் சபை வச்சவரு. நம்ம தமிழ் உபதேசியார்மாருக்குக் குருப்பட்டம் குடுக்கணும்னு நின்னாரு. இங்கிலீஷ் சபை முறைப்படி பிஷப்புதான் குடுக்கணும்னு மிஷன் சங்கத்தார் நின்னாங்க. 1835-ல அவரை வெளியேத்திட்டாங்க. அவங்க செஞ்சது எனக்குச் சம்மதமில்ல. ஆனா பொறவு என்ன ஆச்சு? ஐயரு கட்சி, சங்கத்துக் கட்சின்னு சபை ரெண்டா நின்னுச்சு. 1838-ல அவரு கண்ணை மூடின பொறவுதான் முறிஞ்சது கூடிச்சு. தரிசனம் சரியா இருந்தாலும் பிளவுக்குக் கூலி குடுக்கிறது சாதி சனந்தான், பாத்துக்கோ.

பொறவு வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா ஐயரு. 1903-ல இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கும்போது கூட இருந்து நடத்தினவரு. நம்ம சனங்க காசுல, நம்ம சனங்களே போயி தெலுங்கு நாட்டுல ஊழியம் செய்யணும்னு சொல்லி, கடைசியில தானே தோர்ணக்கல்லுக்குப் போய்ட்டாரு. 1910-ல எடின்பரோவுல உலக மிஷனெரிமாரெல்லாம் கூடியிருக்க, ‘எல்லாம் தந்தீங்க, சமமா நெனைச்சு சிநேகம் தரலையே’ங்கிற பொருள்ல மூஞ்சிக்கு நேராக் கேட்டாரு. கேட்டவங்கள்ல பல பேருக்கு அது கசந்துச்சு. இந்தியனைப் பிஷப்பாக்கக் கூடாதுன்னு நின்ன வெள்ளக்கார மிஷனெரிமாரும் உண்டு. அவரு கோவிச்சுக்கிட்டு ஷெட்டு போடல. 1912-ல அதே ஆங்கிலிக்கன் சபை அவரை மொத இந்தியப் பிஷப்பா ஆக்கிச்சு. பேசவேண்டியதைச் சபைக்குள்ள நின்னு பேசினாரு, பேசிட்டு அங்கேயே உக்காந்தாரு. நீ டீக்கடையில பேசுத. வித்தியாசம் தெரியுதா?

காலேப் கதையை ஓய்வுநாள் பாடசாலையில படிச்சிருப்ப, பரிசுக்காக. கானானை வேவு பாக்கப் போனது 12 பேரு. பத்துப் பேரு ‘முடியாது’ன்னான். காலேபும் யோசுவாவும்தான் ‘முடியும்’னாங்க. சனங்க கல்லைத் தூக்கிட்டாங்க. அதுக்குத் தண்டனையா 40 வருஷம் வனாந்தரம். இதுல வேடிக்கை என்னன்னா, சரியாச் சொன்ன காலேபுக்கும் அதே 40 வருஷந்தான். அதே மணலு, அதே மன்னா. ‘ஆண்டவரே, எனக்குத்தான் விசுவாசம் இருக்கே, என்னை மட்டும் குறுக்கு வழியில அனுப்பும்’னு அவன் மனு போடல. தப்பாச் சொன்னவங்க கூடவே நடந்தான். ‘நான் அன்னைக்கே சொன்னேன்லா’ன்னு சொல்லிக்காட்ட 40 வருஷம் வாய்ப்பு! நீயா இருந்தா காலையில ஒரு தரம், மன்னா பொறுக்கும்போது ஒரு தரம் சொல்லியிருப்ப. அவன் 85 வயசுலதான் அந்தப் பழைய பேச்சை எடுக்கான். அதுவும் யோசுவாகிட்ட, ஏனாக்கியர் குடியிருக்க மலைநாட்டைத் தனக்குக் கேக்கதுக்காக. விசுவாசம்னா இதுதாம்லே. தனக்குத் தெரிஞ்சதை விட்டுடாம, தெரியாதவங்க கூட நடக்கிறது.

இதுக்காக வாயைப் பொத்திக்கிட்டு இருன்னு சொல்லமாட்டேன். கேளு, திரும்பவும் கேளு. ஆனா கேக்கதுக்கு முன்னால கணக்குப் போடு. நெகேமியா எருசலேமுக்கு வந்ததும் மைக்கைப் பிடிக்கல. மனசுல இருக்கதை யாருகிட்டயும் சொல்லாம, ராத்திரி எந்திரிச்சு இடிஞ்ச அலங்கத்தைச் சுத்திப் பாத்தான். நீ தரிசனம் கிடைச்ச அரை மணி நேரத்துல வாட்ஸ்அப்புல போட்டுட்ட. உன் மனுவுல நாலு பக்கம் எழுப்புதல் இருக்கு. கரண்டு பில்லு யாரு கட்டுவா, இருட்டினா பொம்பளப் பிள்ளைகளை யாரு கொண்டுபோயி விடுவா, அதுக்கு ஒரு வரி இல்ல. கமிட்டிச் செயலாளரு அதைக் கேட்டதும் அவருக்குப் பிசாசுன்னுட்ட. நியாயமான கேள்வி கேக்குதவனெல்லாம் நெகேமியா வேலையைத் தடுத்த சன்பல்லாத்து ஆயிரமாட்டாம்லே.

இன்னொண்ணும் கேளு. அந்த அலங்க வேலைக்குத் தெக்கோவா ஊரு பிரபுக்கள் தோள் குடுக்கல. வேதத்துல அதுக்கு ஒரே ஒரு வசனம். அடுத்த வசனத்துல வேற வாசலு வேலை நடக்கு. அதே தெக்கோவா ஊருச் சாதாரண சனங்க தங்க பங்கை முடிச்சிட்டு இன்னொரு பங்கையும் சேத்துக் கட்டினாங்க. 52 நாளுல வேலை முடிஞ்சுது. குனியாத பிரபுவைப் பத்தியே நெகேமியா உன்னை மாதிரி பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருந்திருந்தா, அலங்கத்துக்கு ஆளு யாரு?

அதனால வார ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வா. அந்தச் செயலாளரு பக்கத்துலேயே போயி உக்காரு. திருவிருந்துல ஒரே பாத்திரத்துல வாங்கு. அசனப் பண்டிகையில அவரு ஊத்துத சாம்பாரை இலையில வாங்கிச் சாப்பிடு. உப்பு கூடன்னா மட்டும் விவாதம் பண்ணு. ஹாலு சாவிக்கு அவசரப்படாத. இடையன்குடி கோயிலைக் கட்டி முடிக்கக் கால்டுவெல் ஐயருக்கு 33 வருஷம் பிடிச்சுது, 1880-லதான் பிரதிஷ்டை. பனங்கொட்டை போட்டவன் மறுநாளே கலயத்தைத் தூக்கிக்கிட்டு மரமேறப் போறதில்ல.

பிள்ளைகளுக்கு நாளைக்கே பாடம் தொடங்கணும்னா, நம்ம வீட்டுத் திண்ணை சும்மாதான் கிடக்கு. சிமெண்டுத் தரை, எம்புட்டு அழுக்கானாலும் கேக்க ஆளில்ல. எனக்கு வயசு 82. மலைநாட்டைக் கேக்க காலேப் கணக்குல இன்னும் மூணு வருஷம் பாக்கி, அதுவரைக்கும் வாய்ப்பாடு நான் கேக்குதேன். அஞ்சு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா. திண்ணை கமிட்டியில இருக்கது நான் ஒருத்தந்தான், தீர்மானம் ஒருமனதா நிறைவேறியாச்சு. ஒரே ஒரு நிபந்தனை, போர்டு வைக்கப்பிடாது. ‘இன்டர்நேஷனல்’னு எவனாவது எழுதினதைப் பாத்தேன், அடுத்த நாளே இந்தக் கமிட்டியும் உன் தரிசனத்தைத் தள்ளிரும், ஆமா.